நிலக்கரி ஊர் சிப்பாய் ஒருத்தரோட போர்க்கதையைத் தேடிப் படிக்கிறது எப்படி

அமெரிக்க உள்நாட்டுப் போர்னு தேடினா வர்றதெல்லாம் ஜெனரல்கள் பேர்தான், அதனால அதை ஓரமா வச்சுட்டு ஒரே ஒரு ரெஜிமென்ட்டை (ஒரே வட்டாரத்து ஆளுங்களைச் சேர்த்து அமைச்ச படைப்பிரிவு) மட்டும் கையில எடுங்க. நான் எப்பவும் சொல்றது வடக்குப் படையில இருந்த 48-வது பென்சில்வேனியா. ஸ்கூல்கில் கவுண்டி, பாட்ஸ்வில் சுத்துப்பட்டு ஆளுங்க, நிறைய பேர் நிலக்கரிக் குழியில இறங்கிப் பழகினவங்க.

முதல்ல 1860 சென்சஸ். அதுல நீங்க தேடுற ஆளோட தொழில் எழுதியிருக்கும், சுரங்க வேலையான்னு பாருங்க. அப்புறம் நேஷனல் பார்க் சர்வீஸோட சிப்பாய்கள் டேட்டாபேஸ்ல அவர் எந்த ரெஜிமென்ட்னு தேடுங்க. வேல்ஸ், அயர்லாந்து, ஜெர்மனிலேர்ந்து வந்த குடும்பங்கள் ஜாஸ்தி, ஒரே பேரை நாலு விதமா எழுதி வச்சிருப்பாங்க, ஒரு ஸ்பெல்லிங்ல கிடைக்கலைன்னு விட்டுடாதீங்க.

அடுத்தது 1864 பீட்டர்ஸ்பர்க், தெற்குப் படை பிடிச்சு வச்சிருந்த வர்ஜீனியா ஊர், இங்கதான் நிதானமா உக்காந்து படிக்கணும். இந்த ரெஜிமென்ட்டோட தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளெசன்ட்ஸ் எழுதின ரிப்போர்ட்டும், அப்புறம் பாராளுமன்றக் கமிட்டி முன்னாடி அவர் சொன்ன சாட்சியமும் அச்சுல இருக்கு, அதைப் போர் ரிப்போர்ட்டா படிக்காம வேலை ரிப்போர்ட்டா படிங்க. எதிரியோட கோட்டைக்கு அடியில வெடி வச்சுத் தகர்க்கிறதுக்காக 511 அடி சுரங்கம், ஜூன் 25 ஆரம்பிச்சு ஜூலை 17-க்குள்ள தோண்டிட்டாங்க, ஆனா மேலிடம் சரியான சாமான் எதுவுமே கொடுக்கல. பிஸ்கட் வந்த மரப்பெட்டிக்குக் கைப்பிடி அடிச்சு அதுலயே மண்ணைச் சுமந்தாங்க. காத்துக்கு? பக்கத்துல செங்குத்தா ஒரு குழி, அடியில தீ மூட்டினா சூடான காத்து மேல ஏறும், உள்ள இருக்கிற கெட்ட காத்தையும் இழுத்துட்டுப் போகும், வாசலை அடைச்சுட்டு மரக்குழாய் வழியா புதுக் காத்து தோண்டுறவன் முகத்துக்கே வரும். அது அவங்க ஊர்க் குழியில தினம் பார்த்த வித்தைதான். ஜூலை 30 விடியக்காலை திரி ஒட்டுப் போட்ட இடத்துல அணைஞ்சு போச்சு, அதே ரெஜிமென்ட் ஆளுங்க ஹாரி ரீஸும் ஜேக்கப் டௌட்டியும் உள்ள போய் மறுபடி பத்த வச்சுட்டு வந்தாங்க, 8,000 பவுண்டு வெடிமருந்து இருக்கிற பக்கமா நடந்து போறது எப்படி இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. 4:44-க்கு வெடிச்சுது.

வெடிச்சதோட படிக்கிறதை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். வெடிச்ச உடனே அந்த வழியா பாய்ஞ்சு தாக்கணும்னு திட்டம், அதுக்கு முதல்ல போறதுக்குன்னு ட்ரெயினிங் எடுத்த கறுப்பின சிப்பாய்களை முந்தின நாள் மாத்திட்டாங்க, கடைசியில அந்தக் குழப்பத்துலயே அவங்களையும் அனுப்பினாங்க, அவங்கள்ல சரணடைஞ்சவங்களைக்கூட தெற்குப் படைக்காரங்க கொன்னிருக்காங்க. அந்தக் கறுப்பின சிப்பாய்களோட ரெக்கார்டையும் சேர்த்துப் படிச்சாதான் அன்னிக்கு நடந்தது புரியும்.

கடைசியா பென்ஷன் ஃபைல், வாஷிங்டன் நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு. 1890 சட்டம் வர்ற வரைக்கும் ஊனமோ வியாதியோ போர்லதான் வந்துச்சுன்னு நிரூபிக்கணும், திரும்பி வந்து மறுபடி குழியில இறங்கின ஆளுக்கு மூச்சுத் திணறல் வந்தா அது போராலயா கரித்தூசியாலயான்னு கேள்வி வரும்ல, அதனால டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், கூட சண்டை போட்டவர்னு ஆளாளுக்கு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்திருப்பாங்க. எந்த முகாம்ல நனைஞ்சு கிடந்தார், என்னிக்கிலேர்ந்து இருமல்னு அதுலதான் வரும். காப்பி ஆர்டர் பண்ணும்போது முக்கியமான சில பக்கம் மட்டும்னு வாங்காதீங்க, முழு ஃபைலையும் கேளுங்க.