புது ரீஃப் டேங்க்: முதலில் நீரோட்டம், அப்புறம் ஆல்கலினிட்டி

புதிதாக ரீஃப் டேங்க் (கோரல் எனும் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைப்பவர்கள் பெரும்பாலும் லைட்டைத்தான் அலசி ஆராய்ந்து வாங்குகிறார்கள். லைட் முக்கியம்தான். ஆனால் மீனுக்கு ஓரிடம் ஒத்துவராவிட்டால் இன்னோர் இடத்துக்கு நீந்திப் போய்விடும், கோரலால் அது முடியாது. ஒட்டிய இடத்திலேயே இருக்கும் அதற்கு ஆக்ஸிஜன், சாப்பாடு, எலும்புக்கூடு கட்டத் தேவையான கால்சியம், கார்பனேட் எல்லாவற்றையும் தண்ணீர்தான் கொண்டுவந்து தர வேண்டும், கழிவையும் சளியையும் அதே தண்ணீர்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கோரலின் தோலை ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். ஓட்டம் குறையக் குறைய அது தடிக்கும். அப்படித் தடித்துவிட்டால், டெஸ்ட் கிட்டில் எவ்வளவு அழகான எண் வந்தாலும் அது கோரலுக்குப் போய்ச் சேராது. அதனால்தான் நீரோட்டத்தையும் தண்ணீரின் வேதியியலையும் ஒரே வேலையாகப் பாருங்கள் என்கிறேன்.

வேலை தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, கல் அடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பின் கண்ணாடியோடு சேர்த்துச் சுவர் எழுப்பின மாதிரி கல்லை அடுக்காதீர்கள், அதன் பின்னால் சேரும் அழுக்கை நீங்கள் கடைசிவரை எடுக்க முடியாது. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள், கல்லுக்குள்ளேயும் தண்ணீர் புகுந்து வெளியேற வழி வையுங்கள். மணல் ரொம்ப நைசாக இருந்தால் பம்ப்பைக் கூட்டும்போதெல்லாம் பறக்கும். ஓட்டம் அதிகம் வேண்டிய டேங்க் என்றால் 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் நல்லது.

பம்ப் கணக்கு எளிது. சம்ப்பிலிருந்து (டேங்குக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் மணிக்கு டேங்க் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு தள்ளினால் போதும், மீதியை டேங்குக்குள் தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் பம்ப்புகள் பார்த்துக்கொள்ளும். மென்கோரல்கள் மட்டும் என்றால் மொத்தமாக 10 முதல் 20 மடங்கு. அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (பாலிப் எனும் பூப்போன்ற உடல்கள் பொடியாக இருக்கும் கல்கோரல்) வகைகள் என்றால் 30, 40 மடங்கு வரை போகலாம், அதாவது 200 லிட்டர் டேங்குக்கு மணிக்கு 6000 முதல் 8000 லிட்டர். ஆனால் இந்த எண்ணைவிட ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது. ஒரே பம்ப் ஒரே திசையில் ஒரு கோரலின் மேல் நேராகப் பீய்ச்சினால், அந்தப் பக்கத்துச் சதை கிழிந்து வெள்ளை எலும்பு தெரியும். பெரிய சதையுள்ள எல்பிஎஸ் (பெரிய பாலிப் உள்ள கல்கோரல்) வகைகள் இதில் சீக்கிரம் அடிபடும். இரண்டு சிறிய வேவ்மேக்கர்களை எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடிகளில் மாட்டி, வேகம் மாறி மாறி ஓடும்படி வைத்தால், இரண்டு ஓட்டமும் நடுவில் மோதி ஒழுங்கில்லாமல் சுழலும். கடலில் அலையடியில் இருக்கும் ஓட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒன்றைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். நீர்ப்பரப்பு நெளிந்துகொண்டே இருந்தால்தான் ஆக்ஸிஜன் உள்ளே வரும், கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். உறைந்த மீன் உணவைக் கொஞ்சம் கரைத்து விட்டு, எந்த மூலையில் துணுக்குகள் படிந்து அப்படியே கிடக்கின்றன என்று பாருங்கள், ஓட்டம் போகாத இடம் அதுதான். அப்புறம் கோரலின் பாலிப்புகளைக் கவனியுங்கள். இங்கும் அங்கும் ஆடி, நடுவே ஒரு கணம் நிமிர்ந்து நின்றால் நல்லது, ஒரே பக்கம் சாய்ந்தபடியே இருந்தால் பம்ப்பைத் திருப்புங்கள். சில மாதங்களில் பம்ப்புக்குள் சுண்ணாம்பும் பாசியும் ஏறி வேகம் தானாகக் குறையும், கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். ரிட்டர்ன் பம்ப்பை ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கவும் வேண்டும், மேலே இருந்து இறங்கி வரும் தண்ணீர் முழுவதையும் சம்ப் தாங்கியாக வேண்டும்.

இனி தண்ணீர். குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். ஆர்ஓடிஐ (கரைந்த உப்புகளையும் நீக்கும் வடிகட்டி) வழியாக வந்து டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டும் தண்ணீரில் உப்பைக் கலக்குங்கள். எப்போதும் தண்ணீருக்குள் உப்பைப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் தொடக்கத்தில் செறிவு எகிறி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். உப்புக்கு இலக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), 25 டிகிரியில் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.026. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்தத் தண்ணீரில் மட்டும் சரிபார்க்காமல், 35 பிபிடி கரைசலில் சரிபாருங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். 200 லிட்டரில் நாளுக்கு 4 லிட்டர் ஆவியாகி நீங்கள் மூன்று நாள் பேசாமல் இருந்தால் 35 என்பது 37-ஐத் தாண்டிவிடும். இழந்ததை உப்பில்லாத ஆர்ஓடிஐ தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், அதைத் தானாகச் செய்யும் ஆட்டோ டாப்-ஆஃப் ஒன்று இருந்தால் பாதிக் கவலை போச்சு.

சைக்ளிங் (அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை முதலில் வளரவிடுவது) பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட அம்மோனியா ஒரு நாளில் 0-க்கு இறங்கும்வரை மீனும் வேண்டாம், கோரலும் வேண்டாம். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் கூடுதலாகக் காட்டும், அந்த எண்ணை நம்பிப் பதற வேண்டாம்.

இப்போது வேதியியலில் நான் அதிகம் வலியுறுத்தும் எண்: ஆல்கலினிட்டி, அதாவது முக்கியமாகத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு. அதை டிகேஎச் என்ற அலகில் அளக்கிறோம். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு), மெக்னீசியம் 1250 முதல் 1350, ஆல்கலினிட்டி 7 முதல் 9 டிகேஎச் என்பது பொதுவான வரம்பு. ஆனால் மூன்றும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. கோரல் எலும்பு கட்டும்போது 2.8 டிகேஎச் செலவானால் கால்சியம் ஏறக்குறைய 20 பிபிஎம் மட்டுமே குறையும். 8-லிருந்து 2.8 போனால் மூன்றில் ஒரு பங்கு காலி, 420-லிருந்து 20 போனால் அது டெஸ்ட் கிட்டின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். கால்சியம் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும்போதே ஆல்கலினிட்டி தரைக்கு வந்திருக்கும்.

ஆகவே இதை மட்டும் ஒழுங்காக அளந்து எழுதி வையுங்கள், ஒரே நேரத்தில், ஒரே கிட்டில். திங்கள் மாலை 8.4, புதன் மாலை 8.0 என்றால் நாளுக்கு 0.2 செலவாகிறது. 200 லிட்டரில் 1 டிகேஎச் உயர்த்தச் சுமார் 6 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது சுத்தமான சமையல் சோடா வேண்டும் (பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள்). அப்படியானால் நாளுக்கு 1.2 கிராம், ஆர்ஓடிஐ தண்ணீரில் கரைத்து, ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கால்சியம் கரைசலையும் ஊற்றுவதாக இருந்தால் இரண்டுக்கும் நல்ல இடைவெளி விடுங்கள், சேர்ந்தால் டேங்கிலேயே படியும். எவ்வளவு இறங்கியிருந்தாலும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். 7.5-இல் அசையாமல் நிற்கும் டேங்க், 7-க்கும் 9-க்கும் நடுவில் ஊசலாடும் டேங்கைவிட எவ்வளவோ மேல். கோரலே அதிகம் இல்லாத புது டேங்கிலும் இது இறங்கலாம், கல்லில் ஊதாவாகப் படரும் கோரலைன் பாசியும் சுண்ணாம்புதான் கட்டுகிறது. சால்ட் மிக்ஸ் வாங்கும்போதும் அதன் டிகேஎச்சைப் பாருங்கள். சிலவற்றில் 11-க்கு மேல் இருக்கும், உங்கள் டேங்க் 7.5 என்றால் ஒவ்வொரு தண்ணீர் மாற்றமும் அதற்கு ஓர் உலுக்கல்.

பிஎச்சைத் துரத்த வேண்டாம். 7.8 முதல் 8.4 வரை பகலில் ஏறி இரவில் இறங்குவது இயல்பு. தொடர்ந்து குறைவாகவே இருந்தால், மூடிய அறையில் சேர்ந்த கார்பன் டை ஆக்ஸைடுதான் பெரும்பாலும் காரணம். ஜன்னலைத் திறந்து பாருங்கள், அல்லது ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழால் கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளிக்காற்றுக்கு நீட்டுங்கள். பிஎச் ஏற்றும் பஃபர் பவுடரைக் கொட்டினால் பிஎச் கொஞ்ச நேரம் ஏறி மறுபடி இறங்கிவிடும், ஆல்கலினிட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 ஆக வேண்டும் என்று துடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. புது டேங்கில் இரண்டும் 0-க்குப் போனால் பல நேரம் வந்து உட்காருவது டைனோஃப்ளாஜெலேட் எனும் பழுப்புச் சளி, நுனியில் குமிழோடு நூல் நூலாகத் தொங்கும், விரட்டுவது பெரும்பாடு. கோரலின் நிறமும் வெளுக்கும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்று இருக்கட்டும். அதற்குக் கீழே போகிறது என்றால் மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஸ்கிம்மரைச் சில மணி நேரம் நிறுத்திவையுங்கள், பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.