கோட்லெஸ் மெஷின் எந்தப் பிராண்ட்? தொழில் செய்யிற ஆக்கள் தவிர்க்க வேண்டிய பிழையள்

கோட்லெஸ் எண்டா வயர் இல்லாமல் பற்றரியில ஓடுற மெஷின். அதில மகிட்டா நல்லமோ, பொஷ் நல்லமோ, டிவோல்ற் நல்லமோ எண்டு கேக்கிற ஆக்கள் எல்லாரும் கடையில ட்ரில்லைத்தான் தூக்கித் தூக்கிப் பாக்கினம், கீழ கொழுவியிருக்கிற பற்றரியை வடிவாப் பாக்கிறேல்ல. பெரிய பிழை அங்கதான் துடங்குது. தொழிலுக்கு எண்டு வாங்கிறவருக்கு ஒரு ட்ரில்லோட அலுவல் முடியாது, பிறகு இஸ்குறு முறுக்கிற இம்பாக்ட் வேணும், ஹமர் வேணும், கிரைண்டர் வேணும், ஒரு கொம்பனியின்ர பற்றரி மற்றக் கொம்பனியின்ர மெஷினில ஏறாதபடியா முதல் வாங்கின பற்றரி எதுவோ மற்றச் சாமான் எல்லாம் அதுக்குப் பின்னாலதான் வரும். பற்றரி, சார்ஜர் இல்லாமல் வெறும் மெஷின் எவ்வளவு எண்டு கடையில ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, உங்கட காசு எதுக்குப் போகுது எண்டு உடன விளங்கும்.

பேர் ஒண்டெண்டாப் பற்றரியும் ஒண்டுதான் எண்டு நினைக்கிறதும் பிழை. மகிட்டாவில 18 வோல்ற் எல்எக்ஸ்டி எண்ட பற்றரி வகை 2005இல வந்தது, அதிலதான் கூடுதலான மெஷின் இருக்கு. ஆனா அதே மகிட்டா, அதே 18 வோல்ற், ஜி சீரிஸ் எண்டு விலை குறைஞ்ச வகை ஒண்டும் விக்கினம், அந்தப் பற்றரி எல்எக்ஸ்டி மெஷினில போகாது. 40 வோல்ற் எக்ஸ்ஜிடி இன்னும் வேற. பொஷ்ஷில நீலம் தொழிலுக்கு, பச்சை வீட்டுப் பாவனைக்கு, 18 வோல்ற் எண்டு ரெண்டிலயும் போட்டிருந்தாலும் பற்றரி மாத்திப் போடேலாது. கடையில நிக்கேக்கயே அந்தப் பற்றரியை நீங்கள் பிறகு வாங்கப்போற மெஷினில கொழுவிக் காட்டச் சொல்லுங்கோ, வாயால சொல்லுறதை நம்பி வாங்க வேண்டாம்.

20 வோல்ற் 18ஐ விடப் பெலன் கூட எண்டு ஒரு கதை எங்கட பக்கம் நல்லா ஓடுது. ரெண்டும் ஒண்டுதான். உள்ளுக்க 5 செல் வரிசையா இருக்கு, ஒரு செல்லுக்கு 3.6 வோல்ற் எண்டு கணக்குப் பாத்தா 18, புதுசாச் சார்ஜ் ஏறி நிக்கேக்க ஒரு செல் 4 வோல்ற்றுக்குக் கிட்ட நிக்கும், அப்ப 20. டிவோல்ற் அமெரிக்காவில 20 மக்ஸ் எண்டும் ஐரோப்பாவில 18 எக்ஸ்ஆர் எண்டும் விக்கிறது ஒரே சாமானைத்தான். மெஷினில 88, 128 எண்டெல்லாம் அடிச்சு மலிவா வாறதுகளிலயும் கழட்டிப் பாத்தா அனேகமா அதே 5 செல் வரிசைதான் கிடக்கும், அந்த இலக்கத்துக்காகக் காசு குடுக்காதேங்கோ.

இனி வெளிநாட்டுச் சாமான். எங்கட ஊரில இதைப் பற்றி வடிவாக் கதைக்கத்தான் வேணும், ஏனெண்டா பாதிப் பேருக்கு மெஷின் வாறது கடையில இருந்தில்லை, கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் மாமாவோ மச்சானோ கொண்டு வந்து தாறதுதான். லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் சார்ஜர் எங்கட 230 வோல்ற் கரண்டுக்கு ஓடும், பிளக்கை மட்டும் பாத்தாக் காணும். கனடா, அமெரிக்காச் சாமான் அப்பிடியில்லை, அங்க கரண்ட் 120 வோல்ற், சார்ஜரின்ர அடியில இன்புட் 120 எண்டு மட்டும் போட்டிருந்தா எங்கட பிளக்கில குத்தின உடன எரிஞ்சிடும். அதுக்காக அந்த மெஷினை வேண்டாம் எண்டு சொல்லத் தேவையில்லை, பற்றரி அதேதான், அந்தக் கொம்பனியின்ர 230 வோல்ற் சார்ஜர் ஒண்டை இங்க வாங்கினாச் சரி. ஆனா அந்தச் சார்ஜர் இங்க கிடைக்குதோ எண்டு முதல் விசாரிச்சுப் போட்டுத்தான் மாமாவுக்கு லிஸ்ற் அனுப்ப வேணும். இன்னொண்டு, பிளேனில தனிப் பற்றரியைப் பெரிய பாக்கில போட விடாயினம், கைப்பையிலதான் கொண்டு வரலாம், 100 வாற்அவர் வரைக்கும் பொதுவாச் சிக்கல் இல்லை, அதுக்கு மேல 160 வரைக்கும் எயார்லைனிட்ட முதலே கேட்டு அனுமதி எடுக்க வேணும். பற்றரியில போட்டிருக்கிற வோல்ற்றை ஏஎச்சால (அம்பியர்அவர்) பெருக்கினா வாற்அவர் வரும்: 18 வோல்ற் 5 ஏஎச் பற்றரி 90 வாற்அவர், 6 ஏஎச் எண்டா 108.

போலிப் பற்றரிதான் எனக்குச் சரியான கவலை. ஒரிஜினல் விலையைக் கேட்டுப் பயந்து, அதே நிறம் அதே ஸ்டிக்கரோட வாற மலிவுப் பற்றரியைக் கொழுவுகினம், கன பற்றரியில செல்லை ஒழுங்காக் கவனிக்கிற போர்ட் இல்லை, சூடேறினா நிப்பாட்டுறதுக்கும் ஒண்டுமில்லை, ராத்திரி வீட்டுக்குள்ள பிள்ளையள் படுத்திருக்கேக்க சார்ஜில போட்டு விடுற சாமான் அது. இதைக் கண்டுபிடிக்கத் தராசு காணும். வழமையான 5 ஏஎச் பற்றரிக்குள்ள அஞ்சஞ்சா ரெண்டு வரிசை, 10 செல், ஒரு செல் 45 கிராமுக்குக் கிட்ட வரும், செல் மட்டுமே 450 கிராம், மேல பிளாஸ்ரிக்கும் தகடும் சேரேக்க 600 கிராமைத் தாண்டும். ஸ்டிக்கரில 6 எண்டு போட்டிருக்கு, தராசு 400 காட்டுது எண்டா உள்ளுக்க ஒரு வரிசை செல்தான் இருக்கு. ஒரு கொம்பனிப் பற்றரியை மற்றக் கொம்பனி மெஷினில போட அடப்டர் விக்கினம், அதிலயும் பற்றரி அடிமட்டத்துக்கு இறங்கேக்க நிப்பாட்டுற ஒழுங்கு கனக்க அடப்டரில இல்லை, நல்ல பற்றரியையே சாகடிச்சுப் போடும்.

எல்லாத்தையும் கோட்லெஸ்ஸா மாத்துவம் எண்டு வெளிக்கிடுறதும் வேண்டாம். 720 வாற் கிரைண்டர் முழு இழுவையில ஓடினா 90 வாற்அவர் பற்றரிக்கு ஏழரை நிமிசம்தான் கணக்கு. வயரிங்குக்குச் சுவர் வெட்டுறது, கேற் வேலைக்கு நாள் முழுக்க இரும்பு அறுக்கிறது, இதுகளுக்கு வயர் மெஷின்தான் சரி. அதே மாதிரி கொங்கிறீற் பீமில சீலிங்குக்கோ ஏசிக்கோ ஓட்டை போடுறவை சாதாரண ஹமர் ட்ரில்லோட மல்லுக்கட்டாமல் கூடப் பெலமா இடிச்சுத் துளைக்கிற எஸ்டிஎஸ் பிளஸ் ஹமர் பாக்க வேணும், நீங்கள் எடுக்கிற பிராண்டில அது கோட்லெஸ்ஸா இருக்கோ, இங்க கிடைக்குதோ எண்டு முதல் நாளே கேளுங்கோ. பனஞ்சிலாகையிலயும் வைரம் பாஞ்ச கைமரத்திலயும் துளைக்கிற ஓடாவிமார் கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டர் எடுக்கிறது நல்லம், கார்பன் பிரஷ் மாத்திற வேலையும் இல்லை, அதே பற்றரியில கூட நேரம் ஓடும்.

பெட்டிக்குள்ள வாற சார்ஜரையும் பாருங்கோ. 2 அம்பியர் சார்ஜர் எண்டா 5 ஏஎச் பற்றரிக்கு ரெண்டரை மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், மகிட்டாவின்ர வேகமான சார்ஜர் அதையே 45 நிமிசத்தில ஏத்திடும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்டதை மறந்திருக்க மாட்டியள், கரண்ட் வாற கொஞ்ச நேரத்துக்க எவ்வளவு ஏறுது எண்டதுதான் அண்டைக்குக் கணக்கு. சித்திரை வெயிலில பற்றரியைக் கூரைத் தகரத்துக்கு மேல வைச்சுப் போட்டு வேலை செய்யாதேங்கோ, லித்தியம் செல்லுக்குச் சூடுதான் முதல் எதிரி, எந்தப் பிராண்டும் தாங்காது.

அப்ப எந்தப் பிராண்ட்? உங்களோட வேலைக்கு வாற பெடியள் என்ன பற்றரி வைச்சிருக்கினமோ அதைத்தான் நான் முதல் பாப்பன். குறிகட்டுவானில வள்ளம் ஏறி நெடுந்தீவுக்கு வேலைக்குப் போன இடத்தில பற்றரி இறங்கினா, பக்கத்தில நிக்கிறவரின்ர பற்றரி உங்கட மெஷினில ஏற வேணும். அதுக்குப் பிறகு, சுவிற்சும் பிட் பிடிக்கிற சக்கும் யாழ்ப்பாணத்திலயே மாத்தலாமோ, கொழும்புக்குப் பாசலில அனுப்பிப்போட்டுக் காத்திருக்க வேணுமோ எண்டு திருத்திற கடையில கேளுங்கோ, விக்கிற கடையில இல்லை. வறண்டி பற்றரிக்கும் இருக்கோ, மெஷினுக்கு மட்டுமோ எண்டதை பில்லில எழுதி வாங்குங்கோ.