பிரதேச சபையின் செலவையும் உறுப்பினர்களின் கொடுப்பனவையும் கேட்டறிவது எப்படி

2023 மார்ச்சில் முன்னைய சபைகளின் காலம் முடிந்த பின்னர், 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை வன்னியின் பிரதேச சபைகளைச் செயலாளர்களே நடத்தி வந்தனர். இப்போது தெரிவுசெய்யப்பட்டவர்கள் மீண்டும் சபைக்கு வந்துவிட்டதால், அவர்களுக்கு மாதம் எவ்வளவு கிடைக்கிறது, அதைக் கூட்டப்போகிறார்களா என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. இந்தப் பேச்சில் பாதி ஊகமாகவே இருக்கிறது. ஒரு தபால் முத்திரைச் செலவில் கையெழுத்திட்ட விடையைப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இடமளித்திருக்கும்போது ஊகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

முதலில் கொடுப்பனவை எடுத்துக்கொள்வோம். உறுப்பினருக்கான மாதாந்தக் கொடுப்பனவைப் பிரதேச சபை தன் விருப்பப்படி கூட்டிக்கொள்ள முடியாது. தவிசாளருக்கு எவ்வளவு, உப தவிசாளருக்கு எவ்வளவு, உறுப்பினருக்கு எவ்வளவு என்பதை அரசின் சுற்றுநிருபமே தீர்மானிக்கிறது. அது மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தின் ஊடாகச் சபைக்கு வந்து சேரும். ஆகவே "கூட்டிவிட்டார்களாம்" என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றுநிருபம், என்ன இலக்கம், எந்தத் திகதியிலிருந்து நடைமுறை என்ற மூன்றையும் கேட்க வேண்டும். கொடுப்பனவைக் கூட்டித் தருமாறு ஒரு சபை தீர்மானம் நிறைவேற்றியிருந்தால், அது மேலிடத்துக்கு விடுத்த வேண்டுகோள் மட்டுமே.

தனி ஒருவருக்குரிய தொகையை விட மொத்தத் தொகைதான் கவனிக்கத்தக்கது என்பது என் எண்ணம். 2017இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தபோது, நாடு முழுவதும் 4,486 ஆக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர்களின் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியது. எவருடைய கொடுப்பனவையும் ஒரு ரூபா கூட்டாமலேயே மொத்தச் செலவு இதனால் ஏறியது. உங்கள் சபையின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கொடுப்பனவால் பெருக்கி, தவிசாளரினதும் உப தவிசாளரினதும் மேலதிகத்தைச் சேர்த்து, பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுச் செலவு கிடைத்துவிடும். அதைப் பாதீட்டில் உள்ள தொகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தொகையின் பெரும்பங்கு மாகாணத்திலிருந்து மீளளிப்பாக வருவதால், வரவுப் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு பதிவு இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் சந்தைக் குத்தகையிலிருந்தும் ஆதன வரியிலிருந்தும் சபை தன் கையால் போடும் பணம்.

அடுத்தது பாதீட்டுப் புத்தகம். ஆண்டின் கடைசி மாதங்களில் அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். சபை அலுவலகத்திலோ உப அலுவலகத்திலோ கேட்டுப் பார்க்கலாம். செலவுகள் ஆறு நிகழ்ச்சித்திட்டங்களாகப் பிரிந்திருக்கும்: பொது நிருவாகம், சுகாதாரம், வீதியும் காணியும் கட்டடமும், நீர் வழங்கல், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், நலன்புரி. உறுப்பினர் கொடுப்பனவு முதலாவதற்குள் வரும். அதே பக்கத்தில் பயணச் செலவு, எரிபொருள், தொலைபேசி, கூட்டச் சிற்றுண்டி, வாகனத் திருத்தம் ஆகியனவும் வரிசையாக நிற்கும். கொடுப்பனவைப் பற்றிக் கொதிப்பவர்கள் பலர் இந்தச் செலவுகளைப் பார்க்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். சுற்றுநிருபம் கட்டுப்படுத்துவது கொடுப்பனவை, தவிசாளரின் வாகனம் எத்தனை தடவை எங்கே போனது என்பதோ சபையின் கையில் உள்ள விடயம்.

புத்தகத்தில் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் கடந்த ஆண்டு உண்மையில் செலவான தொகையும் இருக்கும். மதிப்பீட்டை மட்டும் வாசிப்பவருக்குச் சபை செய்ய நினைப்பது தெரியும், செய்தது தெரியாது. கிரவல் வீதிகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கி, உண்மைச் செலவு அதில் கால்வாசியாக நின்று, எரிபொருள் செலவு மட்டும் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தால், அங்கே நிறுத்தி வாசிக்க வேண்டும்.

கேட்பதற்கு முன், கேட்கும் வேலை அந்தச் சபைக்கு உரியதுதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏ9 வீதியின் பள்ளத்துக்குக் கரைச்சிப் பிரதேச சபையைத் திட்டுவதில் பயனில்லை. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. குளக்கட்டு வீதியானால் நீர்ப்பாசனத் திணைக்களத்தையோ கமநல சேவை நிலையத்தையோ விசாரிக்க வேண்டியிருக்கும். உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, மயானம், குப்பை, நூலகம் ஆகியவை சபையின் தலையில்.

இனி மனு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கிறார். ஏன் கேட்கிறீர்கள் என்று அவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். தமிழிலேயே கேட்கலாம். "சபையில் நடக்கும் ஊழல்களின் விபரம் தருக" என்று எழுதினால் பதில் வராது, வந்தாலும் பயன்படாது. ஆவணத்தின் பெயரைச் சொல்லி, காலத்தைக் குறித்துக் கேட்க வேண்டும். உதாரணமாக இப்படி எழுதலாம்:

"2025 ஜூன் முதல் இன்று வரை தவிசாளர், உப தவிசாளர், உறுப்பினர்கள் ஆகியோருக்கு மாதவாரியாக வழங்கப்பட்ட கொடுப்பனவு, எரிபொருள், தொலைபேசி, பயணப்படி ஆகியவற்றின் தொகை; அவற்றுக்கு அதிகாரமளித்த சுற்றுநிருபங்களின் பிரதி; அக்காலப்பகுதிக்குரிய தவிசாளரின் வாகன ரன்னிங் சாட்டின் பிரதி."

கடைசியாகக் கேட்டதுதான் அதிகம் பேசும். ரன்னிங் சாட்டில் திகதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நோக்கம், மீற்றர் வாசிப்பு, அடித்த எரிபொருள் எல்லாம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரியாக இருக்கும். ஒரு நாள் முடிவில் உள்ள மீற்றர் வாசிப்பும் மறுநாள் தொடக்கத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் பவுசருக்கும் இதையே கேட்கலாம். ஓகஸ்ட் வரட்சியில் உங்கள் கிராமத்துக்கு வந்ததாக எழுதப்பட்ட நாட்களைச் சனசமூக நிலையத்தில் இருந்துகொண்டே சரிபார்த்துவிடலாம்.

மனுவைக் கொடுத்தவுடன் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமலிருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், அதாவது தகவல் அலுவலரின் முடிவை மீள ஆராய்பவரிடம், மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தியில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். இடைநடுவில் "நேரே வாங்கோ, கதைப்பம்" என்று அழைத்தால் போய்க் கதையுங்கள். ஆனால் மனுவை மீளப்பெற வேண்டாம்.

இவற்றோடு, சபையின் கணக்குகள் பற்றிய தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் ஆண்டறிக்கையையும் ஒரு பிரதி கேளுங்கள். வசூலிக்காத குத்தகை நிலுவை, பயன்படுத்தாமல் நிற்கும் இயந்திரம், பதிவில்லாத காணி போன்றவற்றை அது பெயர் சொல்லிக் குறிப்பிடும். ஊரில் யார் எழுதினாலும் கட்சிக்காரன் என்பார்கள். கணக்காய்வாளரை அப்படிச் சொல்வது கடினம்.

காலத்தைப் பொறுத்தவரை, பாதீட்டு விவாதம் பெரும்பாலும் நவம்பர், டிசெம்பரில் வருவதால், மனு செப்டெம்பருக்குள் போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது. அப்போது பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேள்வியாக எழுதிக் கொடுக்கலாம். உறுப்பினர்கள் பாதீட்டு வாக்கெடுப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை: 2020 டிசெம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் பாதீடு இரண்டாம் முறையும் தோற்றபோது முதல்வர் பதவியிழந்தார். எரிபொருள் செலவைப் பற்றிய உங்கள் கேள்வி மற்ற மாதங்களில் கூட்டக் குறிப்பில் ஒரு வரியாக அடங்கிவிடக்கூடும். பாதீட்டு விவாத வாரத்தில் தவிசாளரே எழுந்து பதில் சொல்ல வேண்டிவரும்.