ஸ்பெஷல் டீம்ஸ் வீரர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்குள் மூன்று பிரிவுகள் உண்டு. தாக்குதல், தடுப்பு, அப்புறம் பந்தை உதைக்கும் நேரத்தில் மட்டும் களமிறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ். ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1963இல் திறக்கப்பட்ட, தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் முதல் இரண்டு பிரிவுகளுக்கும் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது. மூன்றாவதின் கதை வேறு. புள்ளிக்காகப் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கிக்கர் வேலையை மட்டுமே செய்த ஒருவர், யான் ஸ்டெனெரூட், 1991இல்தான் உள்ளே போனார். அடுத்த கிக்கரான மோர்டன் ஆண்டர்சன் போவதற்கு 2017 ஆகிவிட்டது. பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துக் கொடுக்கும் பண்டர்களில் முதல் ஆள் ரே கை, 2014இல். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடும் ரிட்டர்னர்களில் முதல் ஆள் டெவின் ஹெஸ்டர், 2024இல். இவர்களைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த விவாதத்தில் இரண்டு பக்கத்தாரும் திரும்பத் திரும்பச் சில தவறுகளைச் செய்கிறார்கள்.

முதலில், களத்தில் நிற்கும் நேரத்தை வைத்து அளப்பது. "ஆட்டத்துக்கு ஏழெட்டுத் தடவை வந்து போகிறவருக்கு எதற்கு இந்த மரியாதை?" என்று கேட்கிறார்கள். ஒரு நல்ல பண்ட் எதிரணியை ஒரே உதையில் நாற்பது யார்டு பின்னால் தள்ளுகிறது. அதே தூரத்தைக் கடக்கத் தாக்குதல் அணிக்குப் பல முயற்சிகள் வேண்டும். 2007 பிப்ரவரியில் நடந்த இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் முதல் உதையையே பிடித்து 92 யார்டு ஓடி, கோல் கோட்டைக் கடந்து டச் டவுன் போட்டார் ஹெஸ்டர். அதற்குப் பிறகு இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ் அணி அவர் கைக்குப் பந்து போகாதபடி தாழ்வாகவும் குட்டையாகவும் உதைத்தது. தூரத்தை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, அவரிடம் மட்டும் பந்து போகக் கூடாது என்பதுதான் கணக்கு. அவருடைய சிகாகோ பேர்ஸ் அணி அன்று தோற்றது உண்மைதான். ஆனாலும் எதிரணியின் திட்டத்தையே மாற்றிய ஆளை நிமிடக் கணக்கில் அளக்க முடியுமா? 2022, 2023 இரண்டு ஆண்டுகளும் இறுதிப் பட்டியல் வரை வந்த அவரை ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழு திருப்பி அனுப்பியதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது, பழைய காலத்து எண்ணை இன்றைய எண்ணோடு பக்கத்தில் வைப்பது. ஸ்டெனெரூட் 558 ஃபீல்ட் கோல் முயற்சிகளில் 373ஐ உள்ளே அனுப்பினார், சுமார் 67 சதவீதம். இன்று அந்தச் சதவீதத்தோடு ஒரு கிக்கர் வேலையில் நீடிக்க முடியாது. ஆனால் அவர் ஆடியது மேடுபள்ளமான திடல்களில். உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் வீசித் தரும் லாங் ஸ்னாப்பர் என்று, அந்த ஒரு வேலைக்காகவே ஆள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அன்று பரவியிருக்கவில்லை. போதாக்குறைக்கு 1974இல் கோல் கம்பங்களைப் பத்து யார்டு பின்னால் தள்ளினார்கள். அன்றைய கிக்கர்களுக்கு நடுவில் அவர் எங்கே நின்றார் என்பதுதான் கேள்வி. ரே கையின் சராசரி 42.4 யார்டு. பின்னால் வந்த ஷேன் லெக்லரின் சராசரி 47.6. இதை மட்டும் பார்த்தால் கை சாதாரண பண்டர்போலத் தெரிவார். பந்தை அவர் வானத்தில் எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தார், எதிரணியின் கோல் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இறக்கினார் என்பதெல்லாம் சராசரியில் வராது.

ஆதரவாளர்கள் செய்யும் தவறு ஒன்று, மொத்தப் புள்ளிகளைத் தூக்கிக் காட்டுவது. வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியலில் மேலே இருப்பவர்கள் எல்லாருமே கிக்கர்கள்தான். மோர்டன் ஆண்டர்சனின் 2,544 புள்ளிகளுக்குப் பின்னால் 382 ஆட்டங்கள் இருக்கின்றன. நீண்ட காலம் ஆடினால் எண்ணிக்கை சேரும். அது மட்டுமே வாதமாகாது.

ஒரே ஒரு உதையை வைத்து மொத்த வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதுவதும் அப்படித்தான். கேரி ஆண்டர்சன் என்ற இன்னொரு கிக்கர் 1998 பருவத்தில் 35 ஃபீல்ட் கோல் முயற்சிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு அட்லாண்டாவுக்கு எதிரான அரையிறுதியில் 38 யார்டு உதை ஒன்று வெளியே போனது. இன்றும் பலருக்கு அவர் பெயரைச் சொன்னால் அந்த உதைதான் ஞாபகம் வருகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எண்ணில் வராத வேலையை வேலையே இல்லை என்று நினைப்பது. ஸ்டீவ் டாஸ்கருக்கு நடந்தது அதுதான். ஹூஸ்டன் அணி விடுவித்த பிறகு 1986இல் பஃபலோ நகரின் பில்ஸ் அணிக்கு வந்தவர், உயரம் 5 அடி 9 அங்குலம். அவர் வேலை கன்னர். தம் அணி பண்ட் உதைத்ததும் ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தைப் பிடிப்பவர் ஓடத் தொடங்குமுன் அவரை மடக்க வேண்டும். அவர் ஒருவரைத் தடுக்க எதிரணிகள் இரண்டு பேரை நிறுத்தின. கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நிற்கும் நல்ல ஃபீல்டர் தடுத்த ஓட்டங்கள் ஸ்கோர்கார்டில் வராததைப் போல, டாஸ்கரைக் கண்டு ரிட்டர்னர் ஓடாமல் விட்ட யார்டுகளும் எங்கும் பதிவாகவில்லை. நட்சத்திர வீரர்கள் ஆடும் ப்ரோ பவுல் ஆட்டத்துக்கு ஏழு முறை தேர்வானார். அதில் ஒரு தடவை, 1993இல், ஒரு ஃபீல்ட் கோலைத் தடுத்து, எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு ஆட்ட நாயகன் விருதே வாங்கினார். அதே ஆண்டு சூப்பர் பவுலில் டல்லஸ் அணியின் பண்ட்டைத் தடுத்தார், பஃபலோவின் முதல் டச் டவுன் அதிலிருந்து வந்தது. ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இல்லை.

"ஒருவரை விட்டால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்" என்ற பயத்துக்கும் ஆதாரம் கிடையாது. இத்தனை ஆண்டுகளில் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

டாஸ்கரைப் போலவே கன்னராக இருந்த நியூ இங்கிலாந்து அணியின் மேத்யூ ஸ்லேட்டர் 2023 பருவத்தோடு ஓய்வு பெற்றார். பத்து முறை ப்ரோ பவுல். பதினாறு பருவங்களில் அவர் பிடித்த பாஸ் ஒன்றே ஒன்று. ஐந்து ஆண்டுக் காத்திருப்பு விதிப்படி 2029இல் அவர் பெயர் குழுவின் முன் முதல் தடவையாக வரலாம். டாஸ்கர் ஓய்வு பெற்று 25 ஆண்டுகளுக்கு மேல் ஆனதால் அவருக்கு மூத்தோர் பிரிவு இருக்கிறது. ரே கையும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்.