பொருத்தமான பிராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இராமநாதபுரம் கடைவீதியில் "முப்பத்து நாலு கொடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் கேட்டு, பிரித்தும் பாராமல் பையில் திணித்துக்கொண்டு திரும்பும் பழக்கமே, நம்மில் பலருக்குத் தோளில் தடம் விழுவதற்கும் மார்புக்குக் கீழே வேர்க்குரு படர்வதற்கும் காரணமாகிறது.

முதலில் வீட்டிலேயே இன்ச் டேப்பால் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்ட நிலையில் மார்புக்குச் சற்றுக் கீழே டேப்பை இறுக்கமாகச் சுற்றினால் கிடைப்பது பட்டையளவு. மார்பின் எடுப்பான பகுதியில் தளர்வாகச் சுற்றினால் கிடைப்பது மார்பளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கப்பின் அளவைச் சொல்லும்: 1 அங்குலமானால் ஏ, 2 ஆனால் பி, 3 ஆனால் சி. கீழே 34, மேலே 36 என்றால் 34 பி. பட்டையளவோடு சில அங்குலங்களைக் கூட்டிக் கணக்கிடும் நிறுவனங்களும் உண்டு என்பதால், பெட்டியிலுள்ள அளவுப் பட்டியலையும் பார்த்துவிட வேண்டும்.

எடையைத் தாங்க வேண்டியது தோள்நாடா அன்று, பட்டையே. கையைத் தூக்கும்போது அது முதுகில் மேலேறினால் அளவு பெரிது. புதியதை மிகத் தளர்வான கொக்கி வரிசையில் மாட்டிப் பார்ப்பதே முறை. எலாஸ்டிக் தளரத் தளர உள்வரிசைகள் கைகொடுக்கும். கப்பின் விளிம்பில் சதை பிதுங்கினால் கப் சிறிது, துணி சுருங்கினால் பெரிது.

நம் கரையோரப் புழுக்கத்துக்குப் பருத்தியே உகந்தது. ஆனால் பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்க நீரில் இறங்கும் பெண்களுக்கு, பஞ்சு வைத்தது தண்ணீரைக் குடித்துக் கனக்குமாதலால், பஞ்சும் கம்பியும் இல்லாத, விரைவில் உலரும் விளையாட்டு பிராவே ஏற்றது. கரையேறியதும் அதை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.