கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் சாடி

பல்கனிக்கு வண்ணத்துப்பூச்சி வரவேண்டுமா? பூங்கன்றுகளுக்கே காசைக் கொட்டாமல், தேத்தண்ணி குடிக்க உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றோ தேசிக்கன்றோ வையுங்கள். பூவில் தேன் மட்டுந்தான். சில கறுப்பு வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுவது இந்தக் குடும்ப இலைகளில்தான். இளம் புழு அச்சொட்டாகக் குருவி எச்சம் மாதிரியே இருக்கும், தட்டிவிடாதீர்கள். பிறகு பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறந்துவிடும். கறிக்கு வேறு சாடி வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் உயரம்கூட இல்லாத கன்று தாங்காது. இரண்டு புழுவே மொட்டையாக்கிவிடும். மருந்தடித்த கன்றில் புழு செத்துவிடும். வெள்ளவத்தைக் கடற்கரையோர மேல்மாடிகளில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் காற்றுக்கு இது சரிவராது. சாடிக்கு அடித்தட்டு வேண்டவே வேண்டாம்: தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.