ஊர்ப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர்: ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நிதி பெறும் வழி

சிறிய ஊராட்சிகளுக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனப் பணிக்குப் புதிதாக வருவோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டத்தில் ஊரகப் பணிகளுக்கு, மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கே போதும். பணம் திரளாமல் நின்றுபோன விண்ணப்பங்களைவிட, ஆவணம் சரியில்லாமல் திரும்பி வந்தவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊரின் நிலங்களை சர்வே எண் வாரியாகக் காட்டும் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை, அளவுகளைக் காட்டும் வரைபடம்) கேட்டு, சர்வே எண்ணையும் நிலத்தின் வகைப்பாட்டையும் உறுதிசெய்யுங்கள். பள்ளி மைதானம் என்று ஊரார் காலங்காலமாகச் சொல்லிவரும் இடத்தின் ஒரு மூலை, பதிவேட்டில் ஓடைப் புறம்போக்காக, அதாவது ஓடைக்கு உரிய அரசு நிலமாக இருக்கக்கூடும். அங்கே சுவர் எழுப்ப அனுமதி கிடைக்காது.

அடுத்து, உத்தேச மதிப்பீட்டுக்காக ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் (பணி மேற்பார்வையாளர்) வரும்போது, அளவு நாடாவின் மறுமுனையை ஊர்க்காரர் ஒருவரே பிடிக்கட்டும். சுவரின் நீளமும் உயரமும் அடித்தளத்தின் ஆழமும் அவருக்குத் தெரிந்திருந்தால்தான் நாளை வேலை நடக்கும்போது அவரால் கேள்வி கேட்க முடியும்.

மூன்றாவது படியான கிராமசபைத் தீர்மானத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடுகிறது; 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வந்திருக்க வேண்டியோர், 100 பேர். நாங்கள் துணைநின்ற ஓர் ஊரில் ‘பள்ளிக்குத் தேவையான வசதிகள் செய்து தர வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்ததால் கோப்பு திரும்பிவந்தது. அடுத்த சபைக்குக் காத்திருக்க நேர்ந்தது. பணியின் பெயர், சர்வே எண், நீளம், உத்தேசத் தொகை, மக்கள் பங்குத் தொகை ஆகிய ஐந்தும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். அதை ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதியதும், சபையிலேயே உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பங்குத் தொகைக்கு ஓர் எடுத்துக்காட்டு: மதிப்பீடு 6 லட்சம் ரூபாய் என்றால் ஊரின் பங்கு 2 லட்சம், 160 தலைக்கட்டுகள் (குடும்பங்கள்) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1,250 ரூபாய். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதிப் பழகிய ஊர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. ஆனால் கணவரை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்களிடமும் நூறு நாள் வேலையை மட்டுமே நம்பியிருப்போரிடமும் அதே தொகையைக் கேட்பது நியாயமாகாது. வெளியூரில் வேலை பார்ப்போரும் நிறுவனங்களும் அந்தக் குறையை ஈடுசெய்யலாம். ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) உங்கள் தொண்டு நிறுவனத்தின் கணக்கு வழியாக வருமானால், அந்த நிதியைக் கையாளும் அமைப்புகளுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். பங்குத் தொகைக்கான வரைவோலையை யாருடைய பெயரில் எடுப்பது என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வங்கிக்குச் செல்லுங்கள்.

விண்ணப்பத்தை ஊர்ப் பிரதிநிதிகளே கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையைப் பெறட்டும். நாம் உடன் செல்வது போதும். மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதி வந்தபின் கோப்பின் முழு நகலையும் ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். அடுத்து அங்கன்வாடிக்கோ நியாயவிலைக் கடைக்கோ கட்டடம் கேட்கும்போது, அந்த நகலைப் பார்த்து அவர்களே எழுதத் தொடங்கிவிடலாம்.